செயற்கையாகக் கல்லாக்கிய மரம் கத்திப் பிடிக்குத் தாங்குமா?

மழுங்கல்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு அலகு தயாரா இருக்கு. முழு வால் (பிடிக்குள்ள போற இரும்பு) வச்ச வேட்டைக்கத்தி, 4 மி.மீ. கார்பன் ஸ்டீல், டெம்பர் எல்லாம் முடிஞ்சாச்சு. பிடி மட்டும்தான் பாக்கி. இதுவரை சாதா மரம், துணியும் ரெசினும் சேர்ந்த மிகார்ட்டா ரெண்டும்தான் போட்டிருக்கேன். இந்தத் தடவை பார்த்தவுடனே "இது என்ன பொருள்?"னு கேட்க வைக்கிற மாதிரி வேணும்.

மனசுல இருக்கிறது கல்லான மரம். வாட்டர் கிளாஸ்ல மரத்துண்டை ஊற வச்சு, வினிகர்ல முக்கி எடுத்து, "ஒரு வாரத்துல ஃபாசில்"னு காட்டுற வீடியோக்கள் நிறைய ஓடுது. என்கிட்ட பூஞ்சை ஏறிக் கறுப்புக் கோடு ஓடின மேப்பிள் கட்டை ஒண்ணு இருக்கு. அதை இப்படிக் கல்லாக்க முடியுமா? முடியாதுன்னா நிஜக் கல்மரம், மாமத் (அழிஞ்சுபோன பனிக்கால யானை) தந்தம், டைனோசர் எலும்புனு விக்கிறாங்களே, அதுல எது பிடிக்கு லாயக்கு? கத்தி அலமாரியில வைக்க இல்லை, தினம் கையில புழங்கும். தண்ணியும் படும்.

பட்டறைப்பூனை:

தம்பி, நிஜக் கல்மரத்தை முதல்ல பேசி முடிச்சிடுவோம், அது சீக்கிரம் முடியும்.

கல்மரம்னா பெரும்பாலும் குவார்ட்ஸ். கடினத்தை அளக்கிற மோஸ் அளவுல 7. உன் டிரில் பிட் அதுல வழுக்கிட்டு நிக்கும், அரம் அதைத் தொட்டா அரம்தான் தேயும். வைர ரம்பம், வைரக் கோர் பிட், ஓடுற தண்ணி இல்லாம ஒரு ஓட்டைகூடப் போட முடியாது.

அப்புறம் எடை. 120 × 30 × 8 மி.மீ. அளவுல ரெண்டு பக்கத் தகடு போடுறேன்னு வை. காய்ஞ்ச மேப்பிள்ல ரெண்டும் சேர்த்து 36 கிராம் வரும். அதே அளவு கல்மரத்துல ஏறக்குறைய 150 கிராம். கத்தியோட சமநிலைப் புள்ளி உள்ளங்கைக்குள்ள போயிடும். அலகு காத்துல மிதக்குற மாதிரி இருக்கும், வெட்டுறப்ப கைக்குக் கட்டுப்படாது.

எல்லாத்தையும் விட, தரையில ஒரு தடவை விழுந்தா முடிஞ்சது. மரம் நசுங்கும், கல் ரெண்டாப் போகும். அதுவும் சரியா, தகட்டை வாலோட சேர்க்கிற பின் (ஆணி) போற ஓட்டை வழியா. பழைய மரத்தோட வளையக் கோடு எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும், பளபளப்பு ஏத்தின பிறகுதான் அது தெரியவே வரும்.

மடக்குக் கத்தியில சின்னப் பதிப்பாவோ, பிடிக்கு முன்னாடி ஒரு பட்டையாவோ வைக்கலாம். கீழே உலோகம் தாங்கும். முழுப் பிடிக்கு வேண்டாம்.

கூழ்மம்:

வாட்டர் கிளாஸ் பற்றி நான் சொல்கிறேன். சிலிக்கேட் கரைசல்களோடு வேலை செய்பவள் என்ற முறையில் அந்த வீடியோக்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கவலையும் வருகிறது.

வாட்டர் கிளாஸ் என்பது சோடியம் சிலிக்கேட்டின் நீர்க்கரைசல். கடும் காரம். அமிலம் பட்டதும் சிலிக்கா கூழாகத் திரளும். வீடியோவில் காட்டுவது இதைத்தான். ஆனால் அது எங்கே திரள்கிறது என்று பாருங்கள். அமிலம் முதலில் தொடுவது மரத்தின் மேற்பரப்பை. அங்கே கூழ் கட்டியதும் வழி அடைபடுகிறது. உள்ளே அமிலமும் போகாது, மேற்கொண்டு சிலிக்கேட்டும் போகாது. துண்டைக் குறுக்கே அறுத்தால் வெளியே மெல்லிய வெள்ளைத் தோல், உள்ளே பழைய மரம்.

அந்தத் தோலும் நிலைக்காது. ஈரக் கூழ் காயும்போது பல மடங்கு சுருங்கி நுண்துகள்களாக வெடிக்கும். உள்ளே மாறாமல் தங்கிய சோடியம் சிலிக்கேட் காற்றின் ஈரத்தை இழுக்கும். கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து சோடியம் கார்பனேட்டாக மேலே பூக்கும். சுவரில் உப்புப் பூப்பது போல, பிடியில் பூக்கும். எபாக்ஸிப் பசை அதன்மேல் பிடிக்காது. அது போக, காரம் மரத்தின் ஹெமிசெல்லுலோஸைச் சிதைப்பதால் மரமே வலுவிழக்கிறது. "கல்லாக்கிய" துண்டு, ஆக்காத துண்டைவிட எளிதாக உடையும்.

சும்மாவாசகன்:

ஆனா ஆய்வகத்துல கல்லாக்கிட்டாங்கன்னு படிச்சேனே? அமெரிக்காவுல, சில நாள்லயே. அது பொய்யா?

கூழ்மம்:

பொய் இல்லை. 2005இல் பசிஃபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகத்தில் யோங்சூன் ஷின் குழு செய்தது. பைன், பாப்லர் மரங்களின் 1 செ.மீ. கனசதுரங்களை இரண்டு நாள் அமிலத்தில் ஊற வைத்தார்கள். பிறகு இரண்டு நாள் சிலிக்கா கரைசலில். காற்றில் உலர்த்தி, ஆர்கான் வாயு நிரம்பிய உலையில் 1400 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி இரண்டு மணி நேரம் வைத்தார்கள். மரத்தின் கார்பனும் சிலிக்காவும் வினைபுரிந்து சிலிக்கான் கார்பைடு ஆனது. மரத்தின் செல் அமைப்பு அப்படியே நின்றது.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். துண்டின் அளவு 1 செ.மீ. கிடைத்தது இயற்கைக் கல்மரம் அல்ல, ஒரு பீங்கான் வகை. நுண்துளைகளோடு கூடிய, உப்புத்தாள் தயாரிக்கும் அதே சேர்மம். வடிகட்டிக்கும் வினையூக்கிக்கும் அருமையான பொருள். பிடிக்கு? பட்டறைப்பூனை அண்ணன் கல்மரத்தைத் திட்டியதை இதன்மேல் இரண்டு முறை திட்டலாம்.

இயற்கைக்கு அருகில் போன சோதனை ஜப்பானின் தத்தேயாமா எரிமலைப் பகுதியில் நடந்தது. சிலிக்கா நிறைந்த வெந்நீர் ஏரியில் புது மரத்துண்டுகளைக் கம்பியில் கட்டித் தொங்க விட்டார்கள். ஏழு ஆண்டுகளில் எடையில் சுமார் 40 சதவீதம் வரை சிலிக்கா ஏறியிருந்தது, 2004இல் அந்த முடிவு வெளியானது. கோடிக்கணக்கான ஆண்டு தேவையில்லை என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் தேவைப்பட்டது ஏழு ஆண்டு வெந்நீர், ஒரு வார வினிகர் அல்ல. தண்ணீர் நீர்த்த கரைசலாக, மெதுவாக, இடைவிடாமல் ஓடினால்தான் சிலிக்கா செல் சுவர்களுக்குள் படியும். அடர்த்தியாக ஊற்றினால் வாசலிலேயே அடைத்துக்கொள்ளும்.

சும்மாவாசகன்:

இங்கிலாந்துல ஒரு குகையில பொம்மையைத் தொங்க விட்டா சில மாசத்துல கல்லாகுதே, அது?

கூழ்மம்:

நேர்ஸ்பரோவில் உள்ள மதர் ஷிப்டன் குகை. 1630 முதல் காசு வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். அது சுண்ணாம்பு நீர். பொருளின்மேல் கால்சைட் பூச்சு படிகிறது, உள்ளே பொம்மை பொம்மையாகவே இருக்கிறது. கால்சைட் மோஸ் 3, எலுமிச்சைச் சாறு பட்டால் நுரைக்கும். கத்திப் பிடிக்கு இதைவிட மோசமான பொருளை யோசிக்க எனக்கு நேரம் பிடிக்கும்.

மழுங்கல்:

சரி அக்கா, வாட்டர் கிளாஸ் ஆசையை விட்டாச்சு. அப்போ என் மேப்பிள் கட்டை என்ன ஆகும்? நகத்தால அழுத்தினா சில இடம் குழியுது. அதை அப்படியே பிடியாப் போட முடியாது.

பட்டறைப்பூனை:

அந்தக் கட்டைதான் தம்பி உனக்கு லாட்டரி. ஆரோக்கியமான மரத்தை விடப் பூஞ்சை தின்ன மரம் ரெசினை நல்லாக் குடிக்கும். நீ தேடுற "செயற்கைக் கல்" இதுதான்: மரத்தோட நாளங்களுக்குள்ள சிலிக்காவுக்குப் பதிலா ரெசின். இயற்கை என்ன செய்யுதோ அதே வேலை, பொருள் மட்டும் வேற. தண்ணிக்கும் விழுகைக்கும் இது கல்லை விட நல்லாத் தாங்கும்.

ரெசின் ஏத்துறதுன்னாலே எல்லாரும் காத்தை உறிஞ்சுற வேக்குவம் பம்ப், மரத்தை வைக்கிற சேம்பர்னு அதைப் பத்தியே கேக்குறாங்க. வேலை கெடுறது பெரும்பாலும் ஈரத்துலதான். காத்துல காய்ஞ்ச மரத்துல இன்னும் 8 முதல் 12 சதவீதம் தண்ணி இருக்கும். அந்தத் தண்ணி இருக்கிற இடத்துல ரெசின் போகாது, போனாலும் சரியா இறுகாது. அதனால அவன் அடுப்புல (oven) 104 டிகிரி செல்சியஸ்ல 24 மணி நேரம், துண்டு தடிமனா இருந்தா இன்னும் கூட. தராசுல வச்சுப் பாரு, எடை இறங்குறது நின்னாத்தான் காய்ஞ்சதுன்னு அர்த்தம். எடுத்த உடனே ஜிப் பையில போட்டு மூடி ஆற விடு. வெளியில ஆற விட்டா காத்துல இருக்கிற ஈரத்தைத் திரும்பக் குடிச்சிடும். சூட்டோட ரெசின்ல போட்டா ரெசின் அங்கேயே இறுக ஆரம்பிச்சிடும். ஏன்னா இது சூட்டுல இறுகுற மெத்தாக்ரிலேட் ரெசின், ரெண்டு பாட்டில் கலக்குற எபாக்ஸி கிடையாது.

அடுத்து சேம்பர். மரம் மிதக்கும், மேல எடை வச்சு முக்கு. ரெசின் மட்டம் மரத்துக்கு மேல ரெண்டு மூணு விரல் அளவு இருக்கணும். பம்பை ஓட்டின உடனே மொத்தப் பாத்திரமும் நுரையாப் பொங்கும், வால்வைக் கொஞ்சம் திறந்து மட்டுப்படுத்து. பெரிய குமிழி அடங்கின பிறகு நார் ஓடுற முனையில மட்டும் ஊசிமுனை அளவுல குமிழி கோடு போட்ட மாதிரி வரிசையா வந்துக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு குமிழியும் ஒரு நாளம் காலியாகுறது. அது நிக்கிற வரைக்கும் பம்பை நிறுத்தாதே. சில கட்டைக்கு மணிக்கணக்கா ஆகும்.

இப்பத்தான் முக்கியமான இடம். வேக்குவம் மரத்துக்குள்ள ரெசினை ஏத்துறது இல்லை. அது காத்தை வெளியே எடுக்குது, அவ்வளவுதான். வால்வைத் திறந்து வெளிக்காத்தை விட்டதும்தான் வளிமண்டல அழுத்தம் ரெசினை உள்ளே தள்ளும். பார்த்துக்கிட்டு இருக்கும்போதே மட்டம் இறங்கும். அதனால வேக்குவத்தை விட்ட பிறகு, பம்ப் ஓடின நேரத்தை விட ரெண்டு மடங்கு நேரமாவது ஊற விடணும். நான் ராத்திரி முழுக்க விட்டுடுவேன். நிறைய பேர் வேக்குவத்தை விட்ட அஞ்சாவது நிமிஷம் எடுத்து அவன்ல வச்சிட்டு, "நடு வெள்ளையா இருக்கு"னு படம் போடுவாங்க.

எடுத்து வடிய விட்டு, அலுமினியத் தாள்ல தனித்தனியாச் சுத்தி, 95 டிகிரி வாக்குல வை. மரத்தோட நடுப்பகுதியும் அந்தச் சூட்டுக்கு வரணும், சின்னத் துண்டுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

கடைசியா திரும்ப எடை பாரு. பூஞ்சை மேப்பிள் ரெண்டு மடங்கு எடைக்குப் போறதும் உண்டு. உன்னோட 36 கிராம் 60 தாண்டினா வேலை சரி.

இதெல்லாம் எல்லா மரத்துக்கும் இல்லை. ரோஸ்வுட், கோகோபோலோ, பாலைவன இரும்புமரம் மாதிரி எண்ணெய்ப் பசை உள்ளதுங்களுக்கு இது வேண்டாம். ரெசினும் ஏறாது, எண்ணெய் அதை இறுகவும் விடாது. அதுங்க பிறவியிலேயே தாங்கும்.

கேன்வாஸ்காரர்:

எல்லாத்தையும் படிச்சேன். ஒரே கேள்வி. துணியையும் ஃபீனாலிக் ரெசினையும் அழுத்திச் செஞ்ச மிகார்ட்டா 1910ல இருந்து இருக்கு. ஈரக்கையில வழுக்காது, வெடிக்காது, எடை குறைவு. அதை விட்டுட்டு மரத்தை அவன்ல வேக வச்சு ரெசின் ஊட்டி, கடைசியில கிடைக்கிறதும் ரெசின்தானே? பளபளன்னு தேய்ச்ச ஸ்டெபிலைஸ்டு (ரெசின் ஏத்தின) பிடி ரத்தமோ மீன் கொழுப்போ பட்டா சோப்புக்கட்டி. "வேலைக் கத்தி"ன்னு சொல்லிட்டு இந்த ஆடம்பரம் எதுக்கு?

பட்டறைப்பூனை:

பளபளன்னு தேய்ச்சாத்தானே வழுக்கும். 400 கிரிட் உப்புத்தாளோட நிறுத்து, 2000 வரைக்கும் போக வேண்டியது இல்லை. பிடிப்பு பொருளால மட்டும் வர்றதில்லை, வடிவத்தாலயும் வருது. நடுவுல லேசா வயிறும், பின்னாடி ஒரு கொக்கியும் வச்சா கண்ணாடியே போட்டாலும் கை நழுவாது.

மத்தபடி நீங்க சொல்றதுல பாதி நியாயம். வருஷம் பூரா மழையில கிடக்கிற கத்திக்கு நானும் மிகார்ட்டாதான் போடுவேன். ஆனா தம்பி கேட்டது பார்த்தவுடனே ஆளை நிறுத்துற பிடி. கேன்வாஸ் யாரையும் நிறுத்தாது.

கேன்வாஸ்காரர்:

கேன்வாஸ் நிறுத்தாது, ஆனா விலகவும் செய்யாது. சரி, தொடருங்க.

மழுங்கல்:

கறுப்பு நிறம் வேணும்னா? சதுப்பு நிலத்துல புதைஞ்ச ஓக், கருங்காலி மாதிரி கறுப்பா இருக்குமே. அதைச் செயற்கையாச் செய்யலாம்னு கேள்விப்பட்டேன். ஸ்டீல் உல்லை வினிகர்ல ஊறப் போட்டு...

கூழ்மம்:

இது மட்டும் உண்மையிலேயே வேலை செய்கிற குறுக்குவழி. சதுப்பு ஓக் கறுப்பாவதற்குக் காரணம் மரத்தின் டானினும் (துவர்ப்புப் பொருள்) நிலத்தடி நீரின் இரும்பும் சேர்ந்து உண்டாகும் இரும்பு டானேட். பழைய எழுதும் மையின் வேதியியலும் இதுவே. நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டு மெதுவாக நடப்பதை, வினிகரில் இரும்பைக் கரைத்துக் கிடைக்கும் இரும்பு அசிட்டேட் சில நிமிடத்தில் செய்துவிடுகிறது. மேப்பிளில் டானின் குறைவு, அதனால் முதலில் கடுந்தேநீரோ டானிக் அமிலக் கரைசலோ ஊட்ட வேண்டும். நிறம் மேலாகத்தான் இறங்கும், ஆகவே வடிவம் கொடுத்து முடித்த பிறகு பூச வேண்டும்.

நிஜச் சதுப்பு ஓக்கும் கல் அல்ல, அது இன்னும் மரம்தான். 2012இல் இங்கிலாந்தின் ஃபென் சதுப்பில் கிடைத்த சுமார் 5000 ஆண்டுப் பழைய ஓக்கை அறுத்து, 13 மீட்டர் நீள மேசையாக்கி ஈலி பேராலயத்தில் வைத்தார்கள். கல்லாகியிருந்தால் அது நடந்திருக்காது.

ஆனால் மழுங்கல், உங்கள் அலகு கார்பன் ஸ்டீல் என்றீர்கள். இங்கேதான் எச்சரிக்கை. இரும்பு உப்பும் அசிட்டிக் அமிலமும் மரத்தில் மிஞ்சினால், பிடிக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் வால் துருப்பிடிக்கும். இது எவ்வளவு பெரிய தலைவலி என்பதற்கு ஸ்டாக்ஹோமில் உள்ள வாசா கப்பல் உதாரணம். 1628இல் மூழ்கி 1961இல் தூக்கப்பட்டது. சுருங்கி வெடிக்காமல் இருக்க 17 ஆண்டுகள் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளின் கரைசலைத் தெளித்தார்கள். மரத்தின் நீரை வெளியேற்றி வேறு பொருளை உள்ளே நிரப்பும் அதே யோசனை. கப்பல் நின்றது. ஆனால் 2000இல் மரத்தின் மேல் அமில உப்புப் படிவுகள் தென்பட்டன. துறைமுகச் சேற்றிலிருந்து ஏறிய கந்தகம், துருப்பிடித்த ஆணிகளின் இரும்பு துணையோடு உள்ளேயே கந்தக அமிலமாகிக்கொண்டிருந்தது. பிறகு 5000க்கும் மேற்பட்ட போல்ட்டுகளைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினார்கள்.

ஆக, கறுப்பாக்கினால் சமையல் சோடாக் கரைசலால் அமிலத்தை முறித்து, நன்றாகக் கழுவி, முழுதாக உலர்த்துங்கள். உள்பக்கம் கறுப்பாக்காமல் விடுங்கள், அது யாருக்கும் தெரியப்போவதில்லை. வாலுக்கும் மரத்துக்கும் நடுவில் ஜி10 (கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்த தகடு) லைனர் ஒன்று கொடுங்கள்.

நீலத்தந்தம்:

தாமதமாக வருகிறேன். மாமத் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான்.

முதலில் ஒன்று. மாமத் தந்தம் பெரும்பாலும் கல்லானது அல்ல. சைபீரியா, அலாஸ்கா உறைநிலத்தில் குளிர்பதனப் பெட்டியில் இருந்ததைப் போல் கிடந்த உண்மைத் தந்தம். ராங்கல் தீவில் கடைசி மாமத்துகள் சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன்புவரை இருந்தன. அதனால்தான் அதைச் சாதாரண ரம்பத்தில் அறுக்க முடிகிறது. அதனால்தான் அது ஈரத்துக்கு அசையவும் செய்கிறது.

எல்லாரும் கேட்கும் நீலம் விவியனைட் என்ற இரும்பு பாஸ்பேட்டிலிருந்து வருகிறது. பாஸ்பேட் தந்தத்திலேயே இருக்கிறது, இரும்பு மண்ணிலிருந்து. புதிதாக உண்டாகும்போது அது நிறமற்றது, காற்றும் வெளிச்சமும் பட்டு இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைய அடைய நீலமாகும். நிறம் வெளிப்புறப் பட்டையில் சில மில்லிமீட்டர் ஆழம்தான் இருக்கும். கிரைண்டரில் ஆசையாகத் தேய்த்துக்கொண்டே போனால் நீலம் தூளாகி, பழுப்பு மட்டும் மிஞ்சும். அதனால் பட்டையை அப்படியே விட்டு, உள்பக்கத்தை மட்டும் தட்டையாக்குவார்கள்.

சாயம் ஏற்றிய போலியும் உண்டு. கையடக்கப் புற ஊதா விளக்கை அடித்துப் பாருங்கள். விவியனைட் படிந்த இடம் வெல்வெட் போன்ற கரும் ஊதாவாகத் தெரியும். சாயம் அப்படி நடிக்காது.

யானையா மாமத்தா என்று பிரிக்க ஷ்ரெகர் கோடுகள், அதாவது தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டி ஓடும் கோடுகள். குறுக்குவெட்டின் வெளிவிளிம்பில் கோடுகள் வெட்டும் கோணம் 90 டிகிரிக்குக் கீழே என்றால் மாமத், 115க்கு மேலே என்றால் யானை, நடுவில் வந்தால் வேறு சோதனை வேண்டும். இதில் கத்திக்காரர்களுக்கு ஒரு சிக்கல். பிடித்தகடுகள் தந்தத்தின் நீளவாக்கில் அறுக்கப்படுபவை, அந்த முகத்தில் ஷ்ரெகர் கோடு தெரியாது. தகட்டின் முனையைப் பார்க்க வேண்டும். விற்பவர் முனையின் படம் தர மறுத்தால் விலகிவிடுவது நல்லது.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். மாமத் இன்றைக்கும் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் இல்லை. 2019 ஜெனீவா மாநாட்டில் இஸ்ரேல் சேர்க்கச் சொல்லி முன்மொழிந்து பிறகு திரும்பப் பெற்றது. ஆனால் நியூ யார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா மாநிலங்கள் மாமத் தந்த விற்பனையையும் தடை செய்திருக்கின்றன. யானைத் தந்தம் மாமத் என்ற பெயரில் நுழைந்துவிடும் என்பதே காரணம், அது நியாயமான பயம்தான்.

இந்த இழைக்குப் பொருத்தமான ஒரு துணுக்கு. செயற்கையாகப் புதைபடிவத்தின் நிறத்தை மாற்றுவது இன்றைய சங்கதி இல்லை. இடைக்காலத்தில் தென்மேற்கு பிரான்சின் சிமோர் பக்கம் கிடைத்த 1.3 முதல் 1.6 கோடி ஆண்டுப் பழைய மாஸ்டோடான் (யானையின் அழிந்த உறவு) தந்தத்தைத் துறவிகள் சுமார் 600 டிகிரியில் சுட்டு, டர்க்வாய்ஸ் என்ற மணிக்கல்லைப் போல் நீலமாக்கித் தேவாலயப் பொருட்களில் பதித்தார்கள். ஓடன்டோலைட் என்பார்கள். நீலம் செம்பாலோ விவியனைட்டாலோ வரவில்லை, தந்தத்தில் ஏறியிருந்த மிகச் சிறு அளவு மாங்கனீசால் வந்தது என்று 2001 வாக்கில்தான் தெரிந்தது. அந்தத் துறவிகளுக்கு அது டர்க்வாய்ஸ், அவ்வளவே.

மழுங்கல்:

ஐயா, மாமத் கடைவாய்ப்பல்? படத்துல வரிவரியா ஓடுறதைப் பார்த்துட்டு எனக்குத் தூக்கமே போச்சு.

நீலத்தந்தம்:

அழகில் அதற்கு ஈடு இல்லை. கம்பளி மாமத்தின் கடைசிக் கடைவாய்ப்பல்லில் 20க்கும் மேற்பட்ட எனாமல் தகடுகள் நெருக்கமாக நிற்கும். அவற்றுக்கு நடுவே டென்டைன், வெளியே சிமென்டம். அறுத்தால் அந்த மூன்றும் மூன்று நிறத்தில் வரி வரியாக வரும்.

ஆனால் மூன்றும் மூன்று கடினம். எனாமல் மிகக் கடினம், மற்ற இரண்டும் மென்மை. உப்புத்தாளை விரலால் பிடித்துத் தேய்த்தால் மென்மையான பகுதி குழிந்து, எனாமல் மேடாக நிற்கும். தட்டையான கட்டையில் தாளை ஒட்டித்தான் தேய்க்க வேண்டும். தகடுகளுக்கு இடையே உள்ள இணைப்பு எப்போதும் விரிசலோடுதான் வரும், ஆகவே ரெசின் ஏற்றாத பல்லை வாங்கவே வேண்டாம். சந்தையில் பச்சை, நீலம், ஊதா என்று மின்னுவதெல்லாம் ரெசினில் கலந்த சாயம். அதில் ஏமாற்று இல்லை, சொல்லி விற்றால் சரி.

இன்னொன்றையும் சொல்கிறேன். "கடற்கன்னித் தந்தம்" என்று ஓர் எலும்பு விற்பனைக்கு வரும். அது ஸ்டெல்லரின் கடற்பசு. 1741இல் ஸ்டெல்லர் அதைக் கண்டு எழுதினார், 1768க்குள் வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு அதில் பிடி போட மனம் வரவில்லை. இது என் சொந்த எண்ணம், யாரையும் குறை சொல்லவில்லை.

சும்மாவாசகன்:

டைனோசர் எலும்பு பாக்கி இருக்கு.

பட்டறைப்பூனை:

கல்மரத்துக்குச் சொன்னதெல்லாம் அதுக்கும் அப்படியே. எலும்புச் செல்லுக்குள்ள அகேட் (ஒரு குவார்ட்ஸ் வகை) நிரம்பினது, பார்க்கத் தேன்கூடு மாதிரி சிவப்பும் மஞ்சளுமா இருக்கும். பெரும்பாலும் அமெரிக்காவோட மாரிசன் பாறை அடுக்குல இருந்து, சுமார் 15 கோடி வருஷப் பழசு. அங்க கூட்டாட்சி அரசு நிலத்துல அனுமதி இல்லாம முதுகெலும்பி எச்சம் எடுக்கக் கூடாதுன்னு 2009 சட்டம் இருக்கு, அதனால தனியார் நிலத்துல எடுத்ததுக்குக் காகிதம் கேளு.

கூழ்மம்:

மாரிசன் எலும்புகள் பலவற்றில் யுரேனியம் ஏறியிருக்கும். எலும்பின் பாஸ்பேட் யுரேனியத்தைப் பிடித்து வைக்கும். கையில் வைத்திருப்பதைவிட, உலர்ந்த நிலையில் அறுத்து அந்தத் தூளைச் சுவாசிப்பதுதான் ஆபத்து. யுரேனியமே இல்லாவிட்டாலும் குவார்ட்ஸ் தூள் நுரையீரலில் சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும், அதைக் குணமாக்க மருந்து கிடையாது. கல்லை எப்போதும் தண்ணீர் ஓட விட்டே அறுங்கள். துணி முகக்கவசம் போதாது, பி100 வடிகட்டி உள்ள ரெஸ்பிரேட்டர் வேண்டும். எலும்பு, தந்தம், பூஞ்சை மரம், மிகார்ட்டா எல்லாத் தூளுக்கும் இதே விதிதான்.

கேன்வாஸ்காரர்:

மிகார்ட்டாவையும் கடைசியில சேர்த்துட்டீங்களே! ஆனா உண்மைதான், அந்த ஃபீனால் வாசனை வந்தாலே மாஸ்க் சரியா உக்காரலைன்னு தெரிஞ்சுக்கலாம்.

மழுங்கல்:

அக்கா, ஒரே ஒரு விடாப்பிடிக் கேள்வி. சிலிக்காவை நிஜமாவே மரத்துக்குள்ள ஏத்த வீட்டு அளவுல வழியே இல்லையா?

கூழ்மம்:

கிட்டத்தட்ட ஒன்று இருக்கிறது. டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிக்கேட். பழைய கற்கட்டடங்களை இறுக்கப் பயன்படும் திரவம். 1861இலேயே லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் கல்லுக்காக ஹாஃப்மன் இதைப் பரிந்துரைத்தார். தண்ணீர் போல் மெலிந்தது, காரம் இல்லை, வேக்குவத்தில் நன்றாக உள்ளே போகும். செல் சுவரில் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்து சிலிக்காவாகும், எத்தனால் ஆவியாகிப் போகும். ரெசினுக்கு ஈரம் எதிரி என்றார் அண்ணன். இதற்கு மட்டும் கொஞ்சம் ஈரம் வேண்டும்.

கிடைப்பது கல் அல்ல. செல் சுவரில் சிறிது சிலிக்கா சேர்ந்த மரம். ஈரத்துக்குக் குறைவாக அசையும், தீயை ஓரளவு எதிர்க்கும். ஆனால் நாளங்கள் காலியாகவே இருக்கும், நகம் பதிகிற உங்கள் மேப்பிள் அப்படியேதான் பதியும். ஆவி கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல், எளிதில் தீப்பற்றும். வீட்டு அவன் பக்கம் அதைக் கொண்டு போகவே கூடாது. புகைபோக்கி அறை உள்ள இடத்தில் செய்ய வேண்டியது. ஆகவே என் பதில்: வழி இருக்கிறது, உங்களுக்கு வேண்டாம்.

மழுங்கல்:

முடிவு பண்ணிட்டேன். மேப்பிளை ரெசின் ஏத்தி ரெண்டு பக்கத் தகடு. முன்னாடி, அலகை ஒட்டின இடத்துல 10 மி.மீ. அகலத்துக்கு மாமத் பல், ஏற்கெனவே ரெசின் ஏத்தினது. நடுவுல கறுப்பு ஜி10. நீலத் தந்தம் அடுத்த கத்திக்கு. ஒட்டும்போது எதுல கவனமா இருக்கணும் அண்ணே?

பட்டறைப்பூனை:

நல்ல கூட்டணி. பல்லுக்குள்ள பின் போடாதே. கட்டாயம்னா வைர பிட், தண்ணி, அழுத்தாம. ஓட்டை பின்னை விடக் கொஞ்சம் தளர்வா இருக்கட்டும், எபாக்ஸி நிரப்பும். பின்னைச் சுத்தியலால தட்டி விரிக்கிற பழக்கம் இங்க வேண்டாம், பல் பிளந்துடும்.

வாலை 80 கிரிட்ல சொரசொரப்பாக்கி அசிட்டோன்ல துடை. துடைச்ச பிறகு விரல் படக் கூடாது. வால்ல ரெண்டு மூணு கூடுதல் ஓட்டை போட்டிருந்தா எபாக்ஸி இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் பாலமாப் பிடிக்கும். நீ ஏற்கெனவே கெட்டிப்படுத்திட்டதால இப்ப கார்பைடு பிட் வேணும், இல்லைன்னா விட்டுடு. மெதுவா இறுகுற எபாக்ஸி எடு, அஞ்சு நிமிஷ எபாக்ஸி வேண்டாம். கிளாம்ப்பை முறுக்கி முறுக்கி இறுக்காதே, பசை எல்லாம் வெளியே வழிஞ்சு நடுவுல காஞ்சு போகும்.

பல்லோட முன்முகத்தை ஒட்டுறதுக்கு முன்னாடியே தேய்ச்சு முடிச்சிடு. ஒட்டின பிறகு அந்த இடத்துல உப்புத்தாளை நுழைச்சா அலகுல கீறல் விழும். கிரைண்டர்ல புது பெல்ட், குறைஞ்ச வேகம். ஒவ்வொரு தடவையும் கட்டை விரலை வச்சுப் பாரு, சூடு தெரிஞ்சா உடனே தண்ணியில முக்கு. பல் டாக்டர் அறை வாசனை வந்தா ஏற்கெனவே லேட்.

நீலத்தந்தம்:

பல் வாங்கும்போது பின்பக்கப் படமும் கேளுங்கள். முன்பக்கம் எல்லாருடையதும் அழகாகத்தான் இருக்கும்.

மழுங்கல்:

கேட்டுட்டேன் ஐயா, இன்னும் அனுப்பலை. மேப்பிள் அவன்ல ஏறியாச்சு, எடை இன்னும் இறங்கிக்கிட்டேதான் இருக்கு. ரெசின் ஏத்தினதும் குறுக்கே அறுத்த துண்டோட படம் இங்க போடுறேன்.

கேன்வாஸ்காரர்:

போடுங்க. நடு வெள்ளையா இருந்தா என்கிட்ட ஒரு ஜோடி மிகார்ட்டா தகடு சும்மா கிடக்கு.